தவிட்டுக்கொய்யா: மலைத் தோட்டத்துக்கு ஒரு நாட்டுச் செடி

கோடைக்கானல் பக்கம் வீடு கட்டித் தோட்டம் போடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அதிகம் தண்ணி கேக்காத நாட்டுச் செடி ஏதாவது சொல்லுங்க. பாப்பி மாதிரி பூத்தா நல்லா இருக்கும்."

தோட்டப் புத்தகங்கள் சிபாரிசு செய்யும் வறட்சி தாங்கும் பாப்பி கலிபோர்னியாவுடையது. நம்மூர் சாலையோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் பிரம்மதண்டும் பாப்பிக் குடும்பம்தான். ஆனால் அது மெக்சிகோவிலிருந்து வந்தது. விதையில் நஞ்சும் உண்டு. 1998-ல் டெல்லியில் கடுகு எண்ணெயில் இதன் எண்ணெய் கலந்து, அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அது வேண்டாம்.

குறிஞ்சி வைக்கலாமே என்பார்கள். 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நீலக்குறிஞ்சி பாதுகாக்கப்பட்ட தாவரப் பட்டியலில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் பறிக்கவோ வளர்க்கவோ கூடாது.

நான் சொல்வது தவிட்டுக்கொய்யா. தவிட்டுப்பழம் என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் ரோடோமிர்டஸ் டொமென்டோசா. பழனி மலையிலும் நீலகிரியிலும் புல்வெளி ஓரங்களில் தானாக வளரும் புதர். ரோஜா நிறத்தில் ஐந்து இதழ், நடுவில் கொத்தாக மகரந்தத் தாள்கள். பூ வயதாக ஆக வெளுக்கும். கருநீலப் பழம் இனிக்கும். பறவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் ரொம்பப் பிடிக்கும்.

வறட்சியை எப்படித் தாங்குகிறது? இலையைத் திருப்பிப் பாருங்க. மேல்பக்கம் தடித்து மினுமினுக்கும். அடிப்பக்கம் கம்பளித் துணி மாதிரி வெளிறிய ரோமம். இலைத்துளைகள் அந்த ரோமத்துக்குள் இருப்பதால் மலைக்காற்று நேராகப் படாது. இலையிலிருந்து நீர் மெதுவாகத்தான் போகும்.

வளர்ப்பது இப்படி. நன்றாகப் பழுத்த பழத்தைப் பிசைந்து, சதை போகக் கழுவி, பொடிப்பொடியான விதைகளை நிழலில் உலர்த்துங்கள். நாள் கடத்தாமல் விதைத்துவிடுவது நல்லது. இலைமட்கும் மணலும் கலந்த தட்டில் மேலாகத் தூவி, கண்ணுக்குத் தெரியாத அளவு மணல் போட்டால் போதும். ஆழமாகப் புதைத்தால் வராது. தண்ணீரைத் தெளிப்பானால் விடுங்கள். முளைக்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், அவசரப்பட்டுத் தட்டைக் கொட்டிவிடாதீங்க. நாலைந்து இலை வந்ததும் நாற்றுப் பைக்கு மாற்றலாம். முதல் வருடம் வளர்ச்சி மந்தமாகத்தான் இருக்கும்.

இது புளிப்பு மண்ணை விரும்பும் செடி. கோடைக்கானல் மண் அப்படிப்பட்டதுதான். சுண்ணாம்பு சேர்த்துக் கெடுத்துவிட வேண்டாம். கட்டடச் சிமெண்ட் இடிபாடு கொட்டிய மூலையிலும் நட வேண்டாம்.

நடும் நேரம் முக்கியம். நமக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதன் தொடக்கத்தில் நட்டால் ஜனவரி வறட்சிக்குள் வேர் இறங்கிவிடும். பனி உறையும் பள்ளமான இடமென்றால், இளங்கன்றுகளை இரவில் காய்ந்த புல்லால் மூடி வையுங்கள். முதல் இரண்டு வறட்சிக் காலத்துக்கு மட்டும் வாரம் ஒருமுறை வேர் நனைய ஊற்றினால் போதும். அதற்குப் பிறகு அது உங்களைக் கேட்காது. ஏப்ரல், மே மாதங்களில் ஊரே தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும்போது இதன் அருமை புரியும்.

விதையை எங்கே எடுப்பது? 2013 முதல் இங்குள்ள காடுகளில் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம். அங்கே கை வைக்கக் கூடாது. பட்டா நிலத்தில் வளர்ந்த புதரில், சொந்தக்காரரிடம் கேட்டு எடுங்கள். ஒரே செடியிலிருந்து எடுக்காமல், நாலைந்து செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். பறவைக்கும் பாதி விட்டு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதே தவிட்டுக்கொய்யாவை அழகுக்காகவும் பழத்துக்காகவும் புளோரிடாவுக்கும் ஹவாய்க்கும் கொண்டுபோனார்கள். பறவைகள் விதையைப் பரப்பி, இன்று அங்கே இது ஒழிக்க முடியாத களை. நமக்கு உண்ணிச்செடி எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி. ஆக "நாட்டுச் செடி" என்பது செடியின் குணம் இல்லை, அது எந்த ஊர்ச் செடி என்பதுதான். சமவெளியில் இருக்கும் நண்பர்களுக்கு இதன் கன்றைப் பரிசாகக் கொடுக்காதீங்க.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்றின்படி, 1973 முதல் 2014 வரை பழனி மலைப் புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சீகை, தைலம், பைன் தோப்புகளும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அந்த மலைச்சரிவை ஒரு வீட்டுத் தோட்டம் திருப்பித் தராதுதான். ஆனால் மலையில் நடும் எந்தச் செடியும் வேலிக்குள் நிற்காது. பறவை அதைச் சரிவுக்குக் கொண்டுபோகும். போகிற விதை அந்தச் சரிவுக்கே உரியதாக இருக்கட்டும்.