ரெண்டு வெள்ளி பாக்கி

'கடைக்குப் போனபோது நடந்த வேடிக்கையான சம்பவம்' என்று தலைப்புக் கொடுத்தால், நம் மாணவர்கள் பலர் யாரையாவது வாழைப்பழத் தோலில் வழுக்கி விழவைத்துவிடுகிறார்கள். விழுந்தவர் "ஐயகோ!" என்கிறார். ஜொகூரில் எந்தக் கடைத்தெருவிலும் நான் 'ஐயகோ'வைக் கேட்டதில்லை. அங்கே கேட்ட வேடிக்கைகள் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லில் பிறந்தவை.

ஸ்கூடாயில் ஒரு முடிதிருத்தும் கடை. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவர் அங்கே வேலை செய்தார். எனக்கு முன்னால் முடிவெட்டிக்கொண்ட பெரியவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சில்லறை பத்தல தம்பி. இன்னும் ரெண்டு வெள்ளி இருக்கு, அப்புறம் தரேன்."

தம்பி திகைத்துப்போனார். "ரெண்டு வெள்ளி கழிச்சாங்கண்ணே? அதுக்குள்ள உங்களுக்கு மறுபடி முடி வளந்துடுமே!"

பெரியவர் கேட்டது கடன். தம்பிக்குக் கேட்டது இரண்டு வெள்ளிக்கிழமை. கடையே சிரித்தது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். ஒரு சொல்லை இரு பொருள்படத் திட்டமிட்டு அமைத்தால் அது சிலேடை. காளமேகப் புலவர் அதில் பெயர் பெற்றவர். திட்டமே இல்லாமல், இரண்டு ஊர்த் தமிழ் ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் மோதிக்கொண்டால் அது முடிவெட்டும் கடை நகைச்சுவை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

சரி, பணத்துக்கு 'வெள்ளி' என்ற பெயர் எப்படி வந்தது? இந்தப் பகுதியில் முன்பு புழங்கியவை வெள்ளி நாணயங்கள். 'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல்லுக்கும் பல்பல்லாக வெட்டப்பட்ட விளிம்பு என்பதே பொருள். ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் விளிம்பைப் பார்த்து வைத்த பெயர் அது. ஆக, மலாய்க்காரர்கள் காசின் ஓரத்தைப் பார்த்தார்கள், நம்மவர்கள் அதன் உலோகத்தைப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் 'டாலர்' என்றிருந்ததும் 1975இல் ரிங்கிட் ஆனது. நம் வாயில் மட்டும் வெள்ளி வெள்ளியாகவே இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரிலும் வெள்ளிதான். அதனால் ஜொகூர் பாருவில், "எந்த வெள்ளி?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு சம்பவம், அஞ்சலக வரிசையில். எனக்கு முன்னால் நின்ற அம்மா, பக்கத்திலிருந்த ஒரு வெளியூர்க்காரரிடம், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். நமக்கு அது பாதி வணக்கம். 'ஆச்சு' என்று சொல்லிவிட்டு நகர்வோம். அவரோ உண்மையைச் சொல்லிவிட்டார்: "இல்லீங்கம்மா, காலைல இருந்து ஒண்ணுமே சாப்பிடல." அந்த அம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு பையிலிருந்த நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கேட்டது நம்ம தப்பு" என்றார். வீட்டில் யாருக்கு வாங்கியதோ, தெரியவில்லை.

இதைத் தேர்வில் எப்படி எழுதுவது? நான் மாணவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். கதை சொல்பவர் எழுத்துத் தமிழில் பேசட்டும். மேற்கோள் குறிக்குள் கடைக்காரர் கடைக்காரராகவே பேசட்டும். "ஐயா, தங்களுக்கு நான் எவ்வளவு ரிங்கிட் தரவேண்டும்?" என்று முடிவெட்டும் கடையில் யாரும் கேட்பதில்லை. அதேபோல், சிரிப்பு வந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். 'இது மிகவும் வேடிக்கையாக இருந்தது' என்று அடுத்த வரியில் எழுதினால் இருந்த வேடிக்கையும் போய்விடும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று உண்டு, இது என் மேலேயே உள்ள புகார். ஒரு மாணவியின் கட்டுரையில் 'பசியாறை' என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடித்து, 'காலை உணவு' என்று எழுதிக் கொடுத்தேன். நம் நாளிதழ்களிலேயே வரும் சொல் அது. அன்றைக்கு என் கைக்கு என்ன வந்ததோ! தாளை வாங்கிய மாணவி மெதுவாகக் கேட்டாள்: "அப்போ எங்க பாட்டி பேசறது தப்பா டீச்சர்?"

தாளைத் திரும்ப வாங்கினேன். அடித்த சொல்லின் மேலேயே அதை மறுபடி எழுதி, கீழே கையொப்பமும் இட்டுக் கொடுத்தேன்.