விழப்போகும் பல்லுக்கு ஒரு கேப்

"விழப்போற பல்தானே, இதுக்குப் போய் கேப்பா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. ஐந்து வயதுப் பிள்ளையின் கடைவாய்ப் பால்பல் விழ இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை அதுதான் மெல்ல வேண்டும்; அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு இடமும் பிடித்து வைக்க வேண்டும். முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து வந்து வழியை அடைத்துவிடும்.

பால்பல்லின் எனாமல் நிலைப்பல்லுக்கு இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். அதனால் சொத்தை விறுவிறுவென உள்ளே இறங்கும். பல்லின் பெரும்பகுதி கரைந்த பிறகு அடைத்தால் நிற்பதில்லை. முழுதாக மூடத்தான் வேண்டும். 1950-இல் அறிமுகமான எஃகு கேப் இன்றும் நம்பகமானது, விலையும் குறைவு. ஆனால் வாய் திறந்தால் பளபளக்கும். பிறகு பல் நிறத்தில், ஜிர்கோனியா என்னும் பீங்கான் வகையில் ஆயத்த கேப்புகள் வந்தன. எஃகை இடுக்கியால் வளைத்துப் பொருத்தலாம், ஜிர்கோனியா வளையாது. கேப்புக்குத் தக்கபடி பிள்ளையின் பல்லைத்தான் கூடுதலாகச் சீவ வேண்டியிருந்தது.

பல்லுக்குத் தக்கபடி கேப் செய்வது டிஜிட்டல் முறை. 1985-இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் பெரியவர்களின் பல்லுக்காகத் தொடங்கிய நுட்பம் இது. வாய் நிறைய அச்சுப் பசையை வைத்துக்கொண்டு பிள்ளை குமட்டத் தேவையில்லை. மருத்துவர் சிறு கேமராக் கோலைப் பல்லின் மேல் மெல்ல நகர்த்துகிறார். திரையில் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு பல் முழு உருவம் பெறுகிறது. பிள்ளையும் அதையே கண்கொட்டாமல் பார்க்கும். எனக்குப் பிள்ளையின் இந்த ஈடுபாடுதான் இம்முறையின் பெரிய நன்மையாகத் தோன்றுகிறது.

கணினியில் வரைந்த கேப்பை எந்திரம் கடைந்தெடுக்கிறது. ஜிர்கோனியா என்றால் முதலில் சுண்ணாம்புக்கட்டி போன்ற பதத்தில், ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகவே கடைவார்கள். சுமார் 1500 டிகிரி செல்சியஸ் உலையில் சுருங்கி இறுகித்தான் சரியான அளவுக்கு வரும். ரெசின் என்னும் பிசினால் ஆன கேப்புக்கு உலை வேண்டாம். முப்பரிமாண அச்சு எந்திரத்தில் அடுக்கடுக்காக ஒளியில் இறுகும். ஜிர்கோனியாவைவிடச் சீக்கிரம் தேயும்.

கேப் போட்டால் பால்பல் விழாமல் நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். நிலைப்பல் மேலெழும்போது பால்பல்லின் வேர் கரையும். பத்துப் பன்னிரண்டு வயதில் பல் கேப்போடு சேர்ந்தே விழும்.