பட்டியலில் இல்லாதவர்களை எப்படிக் கணக்கெடுப்பது?

செம்பரம்பாக்கத்தில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிய வேண்டுமானால், வீட்டுப் பட்டியலை எடுத்துப் பத்து வீட்டுக்கு ஒரு வீடாகக் கதவைத் தட்டினால் போதும். எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. என்று தெரிய வேண்டுமானால் அது போதாது. ஊரை ஒட்டிப் போகும் பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரியை ஓரங்கட்டித் தூங்கும் டிரைவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஊசியில் போதை ஏற்றிக்கொள்கிற பையன் வீட்டில் இருப்பான்; அம்மா பக்கத்தில் நிற்கும்போது வாய் திறப்பானா?

1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தது, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் ரத்தத்தில். வெளியே எத்தனை பேர் என்பதற்கு அதில் விடை கிடையாது.

அந்த விடையைத் தேடப் பிறகு இரண்டு வழிகள் வந்தன. எதை எடுப்பது என்பது, தேடப்படுகிறவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்களா என்பதைப் பொறுத்தது. லாரி டிரைவர்கள் வந்து போகிறவர்கள், பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். அதனால் அவர்கள் கூடும் இடங்களையும் நேரங்களையும் பட்டியல் போட்டு, சீட்டுக் குலுக்கி, அந்த இடத்தில் அந்த நேரத்தில் இருப்பவர்களைக் கேட்கிறார்கள். அம்பத்தூர் பக்கம் அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், 2005-க்குப் பிறகு தமிழ்நாட்டில் நடத்திய எச்.ஐ.வி. ஆய்வுகளில் இந்த வழியும் உண்டு. இன்று பலர் ஓரிடத்தில் கூடாமல் செல்போனிலேயே சந்திப்பைப் பேசி முடித்துவிடுவதால், இடத்தை நம்பிய இந்த வழி கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது.

இரண்டாவது வழி, ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்கானது: கூப்பன். அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் 1997-ல் எழுதி வைத்தது. முதலில் ஓரிருவரைப் பிடித்துப் பேசி, எண் போட்ட இரண்டு மூன்று கூப்பன்களைக் கையில் கொடுப்பார்கள். அதைக் கொண்டு வரும் நண்பருக்குப் பேட்டி, சிறு தொகை, அனுப்பியவருக்கும் கொஞ்சம். வந்தவர் கையிலும் கூப்பன். இப்படியே சங்கிலி நீளும்.

பழகியவன் பழகியவனைத்தானே அனுப்புவான் என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம்தான். அதற்காகவே எல்லோரிடமும் ஒரு கேள்வி: இதே பழக்கம் உள்ள எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? நாற்பது பேரைத் தெரிந்தவர் கையில் கூப்பன் சிக்குவது சுலபம். ஐந்து பேரை மட்டும் தெரிந்தவருக்குக் கடினம். ஆகவே கணக்கில் பின்னவரின் பதிலுக்கு எட்டு மடங்கு எடை. என்னைக் கேட்டால், மொத்த முறையும் நிற்பது இந்த ஒரு கேள்வியின் மேல்தான். அதற்கு வாயில் வந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு என்பதுதான் சிக்கல்.

சென்னையைச் சேர்ந்த ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற தொண்டு நிறுவனம், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, பல இந்திய நகரங்களில் ஊசிப் போதைக்காரர்கள் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டோரை இப்படித்தான் எட்டியது. இதில் கூப்பனுக்குத் தரும் தொகை அதிகமானால் கூப்பன் கைமாறி விற்பனைக்கு வந்துவிடும், ஒரே ஆள் வேறு பெயரில் திரும்ப வருவார். குறைந்தால் பஸ் செலவுக்கே கட்டாது என்று யாரும் வரமாட்டார்கள். திரும்ப வருகிறவரைக் கண்டுபிடிக்க, அந்த ஆய்வில் கைரேகையைக் குறியீடாக மாற்றி வைத்துக்கொண்டார்கள்.