தலைவலிதானே என்று தைலம் தேய்க்காதீர்கள்!

உஷார்! ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடித்து உங்கள் வீட்டில் ஒருவர் தானா ராத்தாவுக்குத் திரும்பியிருக்கிறாரா? "கண்டம் தாண்டியாச்சு" என்று தேங்காய் உடைத்திருப்பீர்கள். நல்லது. ஆனால் கண்டம் இன்னும் முழுசாகத் தாண்டவில்லை.

முதல் நூறு நாள் கவனம் என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பார்கள். தோல், குடல், ஈரல், நுரையீரல் எல்லாவற்றையும் வீட்டார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறார்கள். கோட்டை விடுவது மூளையை. ஏனென்றால் மூளை காட்டும் ஒவ்வொரு அறிகுறிக்கும் மலைமேல் நம்மிடம் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. தலைவலியா, மலைக்குளிர். வாந்தியா, தாப்பா ரோட்டு வளைவு. வாய் கோணியதா, பனிக்காற்று அடித்துவிட்டது. சம்பந்தமில்லாமல் உளறுகிறாரா? அதற்கு டாக்டரைக் கேட்பதற்கு முன்னால் பூசாரியைக் கேட்பவர்கள் உண்டு.

முதல் எதிரி மருந்துப் பைக்குள்ளேயே இருக்கிறது. வேறொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றியவர்களுக்கு சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் கொடுப்பார்கள். வந்த செல் நம் உடம்பையே தாக்காமல் தடுப்பது இந்த மாத்திரைதான், இல்லாமல் முடியாது. ஆனால் ரத்தத்தில் இதன் அளவு ஏறினால் கை நடுங்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனிதர், கோப்பையைப் பிடித்தால் தேநீர் தட்டில் சிந்துகிறது என்றால் "பலவீனம்" என்று விட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தமும் கூடவே ஏறும். அளவு அதிகமாகாதவர்களுக்குக்கூட சில நேரம் மூளையின் பின்பக்கம் நீர் கோத்துக்கொள்ளும். பார்வையைக் கவனிக்கும் பகுதி அது. ஆகவே முதலில் மண்டை பிளக்கும் வலி, பிறகு கண் மங்கல், அதற்கும் அசையாவிட்டால் வலிப்பு. 1996இல் மருத்துவர்கள் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டு எழுதினார்கள். நேரத்தோடு அழுத்தத்தைக் குறைத்து மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாமதித்தால் ரத்தக்கசிவு, நிரந்தரச் சேதம் வரை போகலாம்.

ரத்தத்தில் இந்த மாத்திரையின் அளவை ஏற்றிவிடுவது எது தெரியுமா? ஈப்போ பக்கம் போனவர் ஆசையாக வாங்கி வரும் தம்புன் பம்ளிமாஸ்! கிரேப்ஃப்ரூட்டும் அப்படியே. இருமலுக்குப் பக்கத்து கிளினிக்கில் வாங்கும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் மாத்திரைகளும், சில பூஞ்சை மருந்துகளும் இதே வேலையைச் செய்யும். எந்த கிளினிக் படியேறினாலும் "எனக்கு ஸ்டெம் செல் மாற்று நடந்திருக்கிறது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இன்னொன்று: ரத்தப் பரிசோதனைக்காக விடியற்காலை மலை இறங்கும் நாளில், வேனில் உட்கார்ந்தபடி அந்தக் காலை மாத்திரையைப் போட்டுவிடாதீர்கள். ரத்தம் எடுத்த பிறகுதான் போட வேண்டும். முன்னதாக விழுங்கினால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும், டாக்டர் மருந்தைத் தப்பாகக் குறைக்க நேரிடும். அதேபோல் கை நடுங்குகிறது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. அது வேறு பெரிய வம்பு.

இரண்டாவது ஆள் நம்மோடு சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்டிருப்பவன். ஹெர்பிஸ் குடும்பத்தின் ஆறாம் எண் வைரஸ். அநேகமாக எல்லார் உடம்பிலும் சத்தமில்லாமல் தூங்கும். எதிர்ப்புச் சக்தி படுத்துவிட்ட நேரம் பார்த்து, மாற்று நடந்த இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் எழுந்து மூளையின் ஞாபகப் பகுதியைத் தாக்கும். அடிக்கடி வருவதில்லை, வந்தால் விடாது. பசியாறி முடித்துக் கை கழுவியவர் ஐந்து நிமிடத்தில் "இன்னும் பசியாறலையே" என்பார். பதில் சொன்னால் மறுபடியும் கேட்பார். தூக்கம் கெடும், எரிச்சல் வரும், ரத்தத்தில் சோடியம் குறையும், வலிப்பும் வரலாம். "அசைக்ளோவிர் போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்" என்று நிம்மதி வேண்டாம். அது இந்த வைரஸுக்குச் சரிப்படாது. கான்சிக்ளோவிர் அல்லது ஃபாஸ்கார்னெட் வேண்டும். இது மந்திரித்துத் தாயத்துக் கட்டும் கேஸ் இல்லை. சாமியைக் கும்பிட யாரும் தடுக்கவில்லை, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் கும்பிடுங்கள்.

குளிருக்கு வருவோம். ராத்திரியில் உடம்பு நடுங்கினால் இங்கே யாரும் தெர்மாமீட்டரைத் தேட மாட்டார்கள், இன்னொரு கம்பளியைத்தான் தேடுவார்கள். உடல் சூடு 38 டிகிரியைத் தொட்டாலே இவர்களுக்கு அவசரம்தான். பனடோல் கொடுத்துச் சூட்டை மறைத்தால் கிருமிக்குத்தான் லாபம். காய்கறித் தோட்டத்தில் கோழி எரு கிளறுவது, மக்கிய இலையை வாருவது, மண்ணைக் கொத்துவது, மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். மண்ணிலும் மக்கலிலும் இருக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை மூச்சோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறக்கூடியது. பூனை மலத்திலும் சரியாக வேகாத இறைச்சியிலும் டாக்ஸோபிளாஸ்மா இருக்கலாம். பாக்ட்ரிம் மாத்திரை கொடுத்திருந்தால் அதற்கும் சேர்த்துத்தான், கசக்கிறது என்று ஒதுக்காதீர்கள். ரத்தத் தட்டணு குறைந்திருக்கும் காலத்தில் தலையில் சின்ன அடியே மூளையில் ரத்தக்கசிவாகலாம். உடம்புவலிக்கு அலமாரியில் கிடக்கும் பொன்ஸ்தானை எடுத்து நீட்டாதீர்கள்!

வாய் கோணும் கதை இன்னும் மோசம். ரத்தத்திலிருந்து கண்டதெல்லாம் மூளைக்குள் போகாமல் தடுக்கும் ஒரு காவல் உண்டு. கீமோ மருந்துகளில் பலவும் அந்தக் காவலைத் தாண்டுவதில்லை; ஆனால் புற்றுசெல் முன்கூட்டியே உள்ளே நழுவிப் பதுங்கியிருக்கலாம். சிலருக்கு முதுகுத் தண்டில் ஊசி போட்டு மருந்து செலுத்துவது அதற்காகத்தான். ஆகையால் மாற்று முடிந்து மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட முகம் ஒருபக்கம் இழுத்தாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, தாடை மரத்துப்போனாலோ, நோய் திரும்பியிருக்கிறதா என்று முதுகு நீரை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். கோடாலித் தைலம் இதற்கு ஒன்றும் செய்யாது.

மலேசியாவில் 1987இலேயே கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜை மாற்று நடந்துவிட்டது. இன்று ரத்தநோய்க்கு நாட்டின் முக்கிய மையம் அம்பாங் மருத்துவமனை. திறமைக்குக் குறைவில்லை, தூரம்தான் நம் பிரச்சனை. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கே சுமார் 60 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதையே அடைபடும். "வியாழக்கிழமை அப்பாயின்மெண்ட் இருக்கே, அப்போ சொல்லிக்கலாம்" என்பது இங்கே யாருக்கும் கட்டுப்படியாகாத துணிச்சல்.

இதற்கிடையில் "ஸ்டெம் செல் பானம்" என்று நேரடி விற்பனைக்காரர் யாராவது கதவைத் தட்டினால், அப்படியே திருப்பி அனுப்புங்கள். அதற்கும் இந்தச் சிகிச்சைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இன்றைக்கே செய்யுங்கள். மாற்று சிகிச்சை வார்டின் நேரடி எண்ணை வீட்டில் எல்லார் கைப்பேசியிலும் ஏற்றுங்கள். மாற்று நடந்த தேதி, சாப்பிடும் மருந்துகள், அவற்றின் அளவு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். புதுத் தலைவலி, கண் மங்கல், மறதி, உளறல், முகக்கோணல், எது வந்தாலும் உடனே வார்டுக்குக் கூப்பிடுங்கள். வலிப்பு வந்தாலோ நினைவு தப்பினாலோ யாரையும் கேட்க வேண்டாம், 999. தானா ராத்தாவிலேயே இருக்கும் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கு முதலில் போய்ச் சேருங்கள்; அந்தத் தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.