கடலட்டையும் அதன் பெயரும்
(புதியதோர் இனம் விஞ்ஞான உலகில் இடம்பெறும் முறை)

யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் மன்னார்க் குடாக்கடலிலும் வாழும் பிராணிகளுள் கடலட்டை நம்மவர் பலருக்குப் பெயரளவில் அறிமுகமானது. அதனைக் கடலிற் குளித்தெடுப்போர் உளர். வாடிகளில் அதனை அவித்து, மணலிற் புதைத்து, மேற்றோலைத் தேய்த்து நீக்கி, வெயிலில் உலர்த்திப் பிறநாடுகளுக்கு அனுப்புவோரும் உளர். நாம் உண்பதில்லையாயினும் சீன தேசத்தார் அதனை விருந்துணவாகவும் மருந்துணவாகவும் போற்றிப் பெரும் விலை கொடுத்து வாங்குவர். ஆயினும், வெள்ளை அட்டை, நூல் அட்டை என்று நம் கடற்றொழிலாளர் வேறுபிரித்து வழங்கும் இவை உண்மையில் எத்தனை இனங்கள், ஓர் இனத்தை மற்றோர் இனத்தினின்றும் பிரித்தறிவது எவ்வாறு, இதுகாறும் அறியப்படாத ஓர் இனம் கிடைப்பின் அதற்குப் பெயரிடும் உரிமையும் முறையும் யாவை என்பன பற்றிச் சிந்தித்தோர் சிலரே. இவற்றைச் சுருக்கமாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலட்டையின் இயல்பு

பெயரில் அட்டை என்னும் சொல் இருப்பினும், வயலிலும் காட்டிலும் இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கும் இதற்கும் யாதோர் உறவுமில்லை. நட்சத்திர மீன், கடல் முள்ளி ஆகியவற்றோடு ஒரே கணத்தைச் சேர்ந்த முட்டோலிப் பிராணி இது. நட்சத்திர மீனின் ஐந்து கரங்களிலே தெளிவாகக் காணப்படும் ஐந்தின் அமைப்பு, கடலட்டையின் நீண்ட உடலினுள்ளே ஐந்து தசைப்பட்டிகளாக மறைந்து கிடக்கின்றது. வாயைச் சுற்றியுள்ள பரிசக்கொம்புகளால் மணலையும் சேற்றையும் வாரி உட்கொண்டு, அவற்றிற் கலந்துள்ள அழுகற் பொருள்களையும் நுண்ணுயிர்களையும் சீரணித்து, எஞ்சிய மணலை வெளியேற்றும். உழவன் நிலத்துக்கு மண்புழு செய்யும் உதவியைக் கடலின் அடித்தரைக்கு இது செய்கின்றது எனலாம். இன்று உலகில் ஏறக்குறைய 1,700 கடலட்டை இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன.

இனங்காண்டலின் இடர்ப்பாடு

ஒரு சங்கையோ சிப்பியையோ ஆராய்பவன் அதன் ஓட்டை வைத்து இனங்காணலாம். மீனை ஆராய்பவன் செட்டையின் கதிர்களையும் செதில்களையும் எண்ணிப் பார்க்கலாம். கடலட்டைக்கோ ஓடுமில்லை, செதிலுமில்லை. கையிலெடுத்தவுடன் அது சுருங்குகின்றது; மதுசாரத்தில் இட்டால் நிறம் மங்குகின்றது. ஒரே இனத்துள் கரியதும் சாம்பல் நிறத்ததும் புள்ளியுடையதும் புள்ளியற்றதும் உண்டு. உலர்ந்து சந்தைக்கு வந்தபின், பழகிய வணிகர் தவிரப் பிறர் அவற்றைப் பிரித்தறிதல் அரிது.

இவ்விடரைத் தீர்ப்பதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கின்றது. கடலட்டையின் தோலினுள்ளே கல்சியங் காபனேற்றாலாகிய நுண்ணிய சிற்றெலும்புகள் எண்ணிறந்தன பரவிக் கிடக்கின்றன. ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கினும் சிறியனவாகப் பல அமையும். நுணுக்குக்காட்டியின்கீழ் இவற்றை நோக்குவோர் வியப்படைவர். சில, கால்களும் தட்டும் உடைய மேசை போன்றன, சில, துளைகளுள்ள சட்டைப் பொத்தான் போன்றன, சில கோல்கள், சில துளைத் தகடுகள். கால்களற்ற வேறொரு வகுப்புக் கடலட்டைகளில் நங்கூரமும் சக்கரமும் ஒத்த வடிவங்களும் காணப்படும். எந்த இனத்தில் எவ்வடிவம், எவ்வளவிற்று, உடலின் எப்பாகத்தில் என்பனவே கடலட்டை ஆராய்ச்சியின் அரிச்சுவடியாகும்.

ஆய்வு நடைபெறும் முறை

ஐயத்துக்குரிய ஒரு கடலட்டை கிடைத்தால் முதலில் அது உயிரோடிருக்கும்போதே நிறப்படம் எடுத்தல் வேண்டும். இறந்தபின் நிறம் மீளாது. கிடைத்த இடம், நாள், ஆழம், அடித்தரை மணலா சேறா கடற்புல்லா என்பன அன்றே எழுதப்படல் வேண்டும். இக்குறிப்பில்லாத மாதிரி எத்துணை அரியதாயினும் அதன் பயன் பெரிதும் குன்றிவிடும். பின்னர் மகனீசியங் குளோரைட்டுக் கரைசலில் இட்டு உணர்விழக்கச் செய்து, உடல் சுருங்காது நீண்டு கிடக்கும் நிலையில் மதுசாரத்திற் பேணுவர். போமலினில் நெடுநாள் வைத்தல் தகாது. அதன் அமிலத்தன்மை சுண்ணாம்பாலாகிய சிற்றெலும்புகளைக் கரைத்துவிடும். பரம்பரையலகுகளை ஆராய்தற்கும் அது தடையாகும்.

அடுத்து, முதுகுத்தோல், வயிற்றுத்தோல், பரிசக்கொம்பு, குழாய்க்கால் ஆகிய ஒவ்வொன்றினின்றும் கடுகளவு துண்டு வெட்டி, வீட்டில் ஆடை வெளுக்கப் பயன்படும் வெளிற்றுந் திரவத்தில் இடுவர். சில நிமிடங்களில் தசை கரைந்தொழியச் சிற்றெலும்புகள் வெண்டூளாய் அடியிற் படியும். அத்தூளைக் காய்ச்சி வடித்த நீரிற் பன்முறை கழுவிக் கண்ணாடித் தட்டில் ஏற்றி அளந்து வரைவர். உடலைப் பிளந்து, தொண்டையைச் சூழ்ந்த சுண்ணாம்பு வளையம், சுவாச மரம், பகைவரை நோக்கி வெளிவிடும் ஒட்டும் நூல்கள் உளவா இலவா என்பவற்றையும் குறிப்பர். ஒரு மாதிரியை மாத்திரம் கண்டு முடிவு செய்தல் ஆகாது. சிற்றெலும்பின் வடிவம் வயதுக்கேற்ப மாறுவதாதலால், இளையனவும் முதிர்ந்தனவும் பல ஒப்பிடப்படல் வேண்டும்.

இவற்றின்மேல் அரியதொரு வேலை உண்டு. அதுவே பழைய நூல்களைத் தேடிப் படித்தல். விலங்குகளின் விஞ்ஞானப் பெயர்கள் லின்னேயஸ் 1758 இல் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பிலிருந்து கணக்கிடப்படுகின்றன. அன்று தொட்டு இன்றுவரை எவரேனும் எந்த மொழியிலேனும் அப்பிராணிக்கு முறைப்படி பெயரிட்டிருப்பின், பொதுவாக முந்திய பெயருக்கே உரிமை. ஆதலின், இலத்தீனிலும் செருமனியிலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்ட பழைய விளக்கங்களைப் படிப்பதும், அவற்றை எழுதியோர் நூதனசாலைகளில் வைத்துச் சென்ற மூல மாதிரிகளைக் கண்டு ஒப்பிடுவதும் இன்றியமையாதன. புதியதென்று எண்ணப்படுவன பல, இவ்விடத்திலேயே பழையனவாகிவிடும்.

ஓர் உண்மை வரலாறு

இம்முறைகள் யாவும் ஒருங்கு பயன்பட்ட வரலாறு ஒன்று நமது வெள்ளை அட்டையோடு தொடர்புடையது. வெள்ளை அட்டையின் விஞ்ஞானப் பெயர் ஹொலொதூரியா ஸ்கப்ரா. இப்பெயரை 1833 இல் யேகர் என்பார் சூரிச் நகரில் வெளியிட்ட இலத்தீன் ஆய்வேட்டில் அளித்தார். செங்கடலும் கிழக்காபிரிக்காவும் முதல் பசிபிக் தீவுகள் வரை பரந்து வாழும் இதனோடு, உருவத்தால் ஒத்தும் நிறத்தாலும் தோலின் தன்மையாலும் சற்று வேறுபட்டும் மற்றொன்று பசிபிக் கடலிற் பிடிபட்டு வந்தது. வெள்ளை அட்டையின் முதுகில் குறுக்கே ஆழ்ந்த சுருக்கங்கள் உள. மற்றையதன் முதுகோ ஒப்பளவில் வழுவழுப்பானது. உடலும் பொதுவாகப் பெரியது. நிறமோ வெளிர் மஞ்சள் முதல் கருமை வரை பலவாறு வேறுபடும். நியூ கலிடோனியாத் தீவில் ஆராய்ந்த ஷான்ரல் கொனான் என்னும் அம்மையார், 1986 இல் அதனை ஸ்கப்ராவின் ஒரு பேதமாகக் கொண்டு, பலநிறத்தது எனப் பொருள்படும் வேர்சிக்கொலர் என்னும் பெயரால் வழங்கினார்.

இது பேதமா, தனி இனமா என்னும் வினா எழுந்தது. இரண்டிலும் சிற்றெலும்புகள் மேசைகளும் குமிழ்ப் பொத்தான்களுமேயாதலால் நுணுக்குக்காட்டி மாத்திரம் எளிதில் விடை தரவில்லை. 2005 இல் உதிக்கே, பேர்செல், புளொக்மன்ஸ் ஆகிய மூவர் பரம்பரையலகுச் சான்றுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். இரண்டும் ஒரே இடத்தில் வாழுமிடத்துக் கலப்புப் பிறவிகள் இடையிடையே தோன்றுகின்றன என்று கண்டனர். அங்ஙனம் தோன்றியும் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடவில்லை, தத்தம் பரம்பரையைத் தனித்தனியே காத்து நிற்கின்றன என்றும் காட்டினர். கலப்பு நேரினும் எல்லை அழியாமையே தனி இனம் என்பதற்கு வலிய சான்றாயிற்று.

இனி, வேர்சிக்கொலர் என்னும் பெயரையே இனப் பெயராக உயர்த்திவிடலாகாதா எனின், ஆகாது. 1960 ஆம் ஆண்டுக்குப் பின் பேதம் என்னும் தரத்தில் வெளியிடப்பட்ட பெயர்களுக்கு விலங்குப் பெயரீட்டுச் சர்வதேசச் சட்டக்கோவை தகுதி அளிப்பதில்லை. ஆகவே 2009 இல் மாசென், உதிக்கே, பேர்செல், றோ, சமின் ஆகிய ஐவரும் விரிவான விளக்கத்தோடு ஹொலொதூரியா லெசோனி என்னும் புதுப் பெயரை வெளியிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடல்யாத்திரை செய்து கடலட்டைகளை விவரித்த பிரெஞ்சு இயற்கை அறிஞர் லெசோனின் நினைவை இப்பெயர் தாங்குகின்றது. ஆண்டுதோறும் பிடிக்கப்பட்டும் விற்கப்பட்டும் வந்த ஒரு பெரும் பிராணி, இவ்வாறு நம் காலத்திலேதான் தனக்கெனப் பெயர் பெற்றது.

பெயரிடலின் சட்டம்

புதிய பெயர் நிலைபெறுதற்கு விதிகள் சில உள. பெயர் இரு சொற்களால், சாதிப் பெயரும் இனப் பெயருமாக, அமைதல் வேண்டும். பிற இனங்களினின்றும் வேறுபடுத்தும் இலக்கணம் கூறப்படல் வேண்டும். ஒரு மாதிரியை மூல மாதிரியென நியமித்து, அது எந்த நிலையத்திற் பேணப்படும் என்பதையும் குறித்தல் வேண்டும். விளக்கம் முறைப்படி வெளியிடப்படல் வேண்டும். 2012 முதல் மின்னியல் வெளியீடும், உரிய பதிவோடு, ஏற்கப்படுகின்றது. கண்டவர் தம் பெயரையே இனத்துக்குச் சூட்டுதல் சட்டத்தால் விலக்கப்படவில்லையாயினும் அறிஞர் அவையில் அது வழக்கமன்று. மூல மாதிரியின் மதிப்பு, நிறுவைக்கும் அளவைக்கும் அரசாங்கம் வைத்திருக்கும் மூலப்படியின் மதிப்பை ஒத்தது. நூறு ஆண்டுகளுக்குப்பின் ஐயம் எழுமாயினும் அதனையே எடுத்து நோக்குவர்.

இதனால் ஆவதென்ன?

பெயரொன்றை மாற்றுவதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று சிலர் வினவலாம். இரண்டு இனங்களை ஒன்றெனக் கணக்கிட்டால், ஒன்று அருகி ஒழிந்துகொண்டிருக்கும்போதும் மற்றதன் தொகையால் மொத்தக் கணக்கு நிறைவாகவே தோன்றும். கணக்கு நிறைந்திருக்கக் கடல் வறிதாகும். கடலட்டை ஆணும் பெண்ணும் தத்தம் வித்துக்களை நீரில் விட்டு இனம் பெருக்குவன. ஆதலால் அவை அடர்த்தியாக வாழுமிடத்தன்றிக் கருக்கூடுதல் நிகழ்வது அரிது. ஓரெல்லைக்குக் கீழ்க் குறைந்தபின் மீட்சி மிகத் தாமதமாகும். 2014 இல் வெளியான ஓர் ஆய்வு, ஆராயப்பட்ட 377 இனங்களுள் 16 அழிவை நோக்கியுள்ளன என்றும், உயர்ந்த விலையே அதற்குப் பெருங் காரணம் என்றும் கூறுகின்றது. வெள்ளை அட்டையும் லெசோனியும் அப்பதினாறில் அடங்கும்.

சட்டமும் பெயரையே பற்றி நிற்கின்றது. இந்து சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் ஒன்றாகக் கருதப்பட்டு வந்த ஹொலொதூரியா நொபிலிஸ் என்பது உண்மையில் இரு இனங்கள் என 2004 இல் நிறுவப்பட்டது. பசிபிக்கில் உள்ளதற்குப் புதுப் பெயர் வேண்டியிருக்கவில்லை. 1887 இல் பெல் என்பார் இட்ட விற்மயி என்னும் பெயர் கவனிப்பாரற்றுக் கிடந்தது, அதுவே மீட்கப்பட்டது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில், இவ்விரண்டும் பஸ்கோகில்வா என்னும் மற்றொன்றும் 2019 இற் சேர்க்கப்பட்டு, 2020 இல் அது நடைமுறைக்கு வந்தது. சுங்கச்சாவடியில் நிற்கும் உத்தியோகத்தர், உலர்ந்த பொதியில் உள்ளது எவ்வினம் என்று கூற இயலாதாயின் அவ்வட்டவணை ஏட்டளவில் நின்றுவிடும்.

வளர்ப்புத் தொழிலுக்கும் இது பொருந்தும். 1988 இல் தூத்துக்குடியில் இந்திய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்கினர். இன்று நமது வடபகுதிக் கரைகளிலும் அட்டைப் பண்ணைகள் தோன்றியுள்ளன. தாய் அட்டை எவ்வினம், எவ்விடத்தது என்றறியாது குஞ்சுகளைக் கடலில் விடுதல், விதையறியாது வயல் விதைத்தலை ஒக்கும்.

நமது கடமை

நமது கடலின் அட்டைகளைப் பற்றிய பழைய ஏடுகளில் ஒன்று, மன்னார் முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய வந்த பேராசிரியர் ஹேர்ட்மனின் அறிக்கைத் தொகுதியில் ஜோசப் பியர்சன் 1903 இல் எழுதிய பகுதியாகும். அவர் பின்னர் கொழும்பு நூதனசாலையின் அதிபராகவும் விளங்கினார். தொலைதேசத்திலிருந்து வந்தோர் அத்துணை உழைப்பை நம் கடலின்மேற் செலவிட்டிருக்க, அக்கடலின் கரையிற் பிறந்து வளர்ந்த நாம் வாளாவிருத்தல் தகுமா?

உயிரியல் பயிலும் நம் மாணவர் இதற்குப் பெரும் பொருள் தேடவேண்டியதில்லை. கல்லூரி ஆய்வுகூடத்தில் ஒரு நுணுக்குக்காட்டியும் சிறிது வெளிற்றுந் திரவமும் உண்டு. கரையிற் பிடித்து வந்த கடலட்டையின் கடுகளவு தோலை உரிய அனுமதியோடு பெற்று ஆராய்ந்து, இடமும் நாளும் ஆழமும் குறித்து, படம் வரைந்து வைத்தால், பத்தாண்டில் அது நல்லதொரு தொகுதியாகும். கடற்றொழிலாளர் வழங்கும் பெயர்களையும் அவர் கூறும் வேறுபாடுகளையும் உடன் எழுதிவைத்தல் வேண்டும். அறிஞர் பேதமென்றும் இனமென்றும் வாதிடுமுன்னரே தொழிலாளர் கண் பலவற்றைப் பிரித்து வைத்திருக்கின்றது. அறிவுத்துறையிற் சிறந்து பல நாடுகளிலும் பணிபுரியும் நம் பழைய மாணவர், பழைய நூற்பிரதிகளைப் பெற்றுதவியும் மூல மாதிரிகள் உள்ள நூதனசாலைகளோடு தொடர்பு ஏற்படுத்தியும் அம்முயற்சிக்குத் துணைநிற்கலாம்.

பெயரில்லாத உயிர் அழிந்தால் அது இருந்ததென்பதற்கே சான்றில்லை. நம் கடலில் உள்ளவற்றை உள்ளவாறு அறிந்து எழுதிவைத்தல், அவற்றைக் காத்தலின் முதற்படியாகும். அப்படியில் நம் கல்லூரி மாணவர் கால்வைப்பாராக.