ஊவாவின் நீர்த்தேக்கமும் படகு எஞ்சினின் ஒயில் சீலும்

கடற்கரையே இல்லாத ஊவா மாகாணத்திற்குப் படகு எஞ்சின் தொடர்பற்ற பொருளாகத் தோன்றக்கூடும். ஆயினும் பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறக்கும் கல்லோயா ஆற்றை இங்கினியாகலையில் மறித்து உருவாக்கிய சேனநாயக்க சமுத்திரத்தில், 1954இல் அறிவிக்கப்பட்ட கல்லோயாத் தேசியப் பூங்காவின் யானைகள் தீவுக்குத் தீவு நீந்திச் செல்வதைக் காண வருவோர் படகுகளிலேயே அழைத்துச் செல்லப்படுகின்றனர். அத்தகைய படகுகளின் பின்பலகையில் மாட்டப்படும் வெளியிணைப்பு எஞ்சின், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சினின் வழிவந்தது. மேலே எஞ்சின் உருவாக்கும் சுழற்சி நெடுங்குத்தான தண்டொன்றின் வழியே நீருக்குள் இறங்க, அடியிலுள்ள கியர்ப்பெட்டியின் சாய்பற்சக்கரங்கள் அதனைக் கிடைத்தண்டுக்குத் திருப்பி, நீரைத் தள்ளும் புரொப்பெல்லரைச் சுழற்றுகின்றன.

இக்கியர்ப்பெட்டி முழுவதும் எண்ணெயால் நிறைந்திருக்க வேண்டும். அதன் வெளிப்புறமோ எந்நேரமும் நீருக்குள் இருக்கிறது. தண்டுகள் வெளியேறும் இடங்களில் எண்ணெயையும் நீரையும் பிரித்து நிற்பது, மெல்லிய உதடு போன்ற விளிம்பையும் அவ்விளிம்பைத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் நுண்ணிய வளையச் சுருள்வில்லையும் கொண்ட ‘ஒயில் சீல்’ எனப்படும் றப்பர் வளையம் மட்டுமே. இவ்வளையங்கள் பழைய எஞ்சின்களில் ஓடித் தேய்ந்தும், ஓடாமல் கிடந்து இறுகியும் பழுதாகின்றன. ஓடிச் சூடேறிய பெட்டி, நிறுத்திய பின் நீரில் குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைவதால், ஓடும்போது எண்ணெயை விடாத தளர்ந்த சீல்கூட அப்போது நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நோயைக் கண்டறிவது எளிது. எஞ்சினை ஓரிரவு நிமிர்த்தி வைத்திருந்து, மறுநாள் அடித்திருகாணியைச் சற்றே தளர்த்தினால், எண்ணெயைவிடக் கனமான நீர் இருப்பின் அதுவே முதலில் சொட்டும். நீரும் எண்ணெயும் ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தால் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் குழம்பாக வழியும். அந்நிலையிலும் தொடர்ந்து ஓட்டினால் முதலில் தாங்கிகளும் பின்னர் பற்சக்கரங்களும் அரிபடுகின்றன.

புதிய சீல் வாங்குவதற்கு முன் பழையது ஏன் கெட்டது என்பதை அறிவதே இவ்வேலையின் உயிர்நாடி. புரொப்பெல்லரைக் கழற்றியதும் தண்டின் அடியில் தங்கூசி நூல் சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைவிடப்பட்ட வலையிலிருந்து வரும் அந்நூல் சுழலச் சுழல இறுகிச் சீலின் விளிம்பை அறுத்துவிடுகிறது. அடுத்து, சீல் உராயும் இடத்தில் தண்டின்மீது நகத்தை நீளவாக்கில் இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் தடுக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று பொருள். அப்பள்ளத்தின்மீது எத்தனை புதிய சீலைப் பொருத்தினாலும் கசிவு நிற்காது. மெல்லிய உறையொன்றைத் தண்டில் ஏற்றியோ, இடமிருந்தால் சீலைச் சற்று இடம்மாற்றி அமர்த்தியோ தேயாத பரப்பை அதற்குத் தர வேண்டும்.

கிடைத்தண்டைத் தாங்கும் உறையில் இரண்டு சீல்கள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும். சில எஞ்சின்களில் ஒன்று எண்ணெய்ப்பக்கமும் மற்றொன்று நீர்ப்பக்கமும் முகம் காட்ட, வேறு சிலவற்றில் இரண்டுமே வெளிநோக்கி நிற்பதால், பழையவற்றைப் பெயர்க்கும் முன்னரே திசையைக் குறித்துக்கொள்வது அவசியம். குத்துத்தண்டின் சீல்கள் நீர்ப்பம்புக்கு அடியில் மறைந்திருப்பதால், அதனைத் திறக்கும் வேளையில் பம்பின் றப்பர் சக்கரத்தையும் மாற்றிவிடுவதே சிக்கனம். பற்சக்கரங்களின் இடைவெளியை நிர்ணயிக்கும் மெல்லிய தகட்டு வளையங்கள் வெளியே வந்தால், அவற்றை வந்த வரிசையிலேயே திரும்ப வைக்க வேண்டும்.

உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகிய மூன்று அளவுகளும் பொருந்தும் சீல் பொதுக்கடையில் கிடைக்கலாம்; ஆனால் அதன் சுருள்வில் துருப்பிடிக்காத உருக்கினால் ஆனதா என்று கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் சாதாரண வில் நீரில் துருவேறி அறுந்துபோகும். தண்டின் கூரிய வரிகளின்மேல் ஒட்டுநாடா சுற்றி, விளிம்பில் கிறீஸ் தடவி, சீலின் வெளிவிட்டத்துக்கு ஒத்த குழாயால் கோணாமல் அழுத்தி இறக்குவதே முறை.

தெமோதரை போன்ற தோட்டப்பகுதிகளின் தேயிலை ஸ்டோர்களில் பணிபுரியும் பிற்றர்களுக்கு இக்கைவேலை புதிதன்று. கொழுந்தை அரைக்கும் ரோலரின் கியர்ப்பெட்டியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தாலும் தேயிலை கெடும் என்பதால், சீலையும் தண்டையும் சேர்த்தே சோதிக்கும் பழக்கம் அவர்களிடம் உண்டு. மலைநாட்டுத் தொழிற்சாலைகளில் தலைமுறைகளாகத் திரண்ட இத்தேர்ச்சி, நீர்த்தேக்கப் படகுகளுக்கும் பயன்படத்தக்க பெருஞ்செல்வம்.

படகு எஞ்சினுக்கே உரிய சோதனை ஒன்று எஞ்சியிருக்கிறது. எண்ணெய் ஊற்றுவதற்கு முன், மானி பொருத்திய கைப்பம்பால் எண்ணெய்த் துளை வழியே காற்றை ஏற்றிப் பெட்டியை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, தண்டுகளைக் கையால் சுழற்றிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்தம் கையேடு கூறும் அளவைத் தாண்டினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். பின்னர் கீழ்த்துளை வழியே எண்ணெயை ஏற்றி, மேல்துளையில் குமிழியின்றி வழிந்ததும், திருகாணிகளைப் புதிய வாசர்களுடன் இறுக்க வேண்டும். சில மணிநேரம் ஓடிய பின் எண்ணெயை மறுபடி பார்க்கையில் அது வெளிறியிருந்தால், முன்பின் கியர் மாற்றும் கம்பியின் சிறு சீலையே முதலில் சந்தேகிக்கலாம்; பெரும்பாலும் மாற்றப்படாமல் விடுபட்டுப்போவது அதுதான்.