அழுதால் வரும், தூங்கினால் மறையும்

குளிப்பாட்டும்போதுதான் பெரும்பாலும் கண்ணில் படும். குழந்தை வீறிட்டு அழும். தொடையிடுக்கில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு எழும். தூங்கியதும் இருந்த இடம் தெரியாது. "அழுதழுது குடல் இறங்கிடுச்சு" என்பார் பாட்டி. குடல் இறங்கும் ஓட்டையை அழுகை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். அரைஞாண் கயிறு கட்டாததாலும் இது வருவதில்லை.

ஆண் குழந்தையின் விரைகள் வயிற்றுக்குள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகி, பிரசவத்துக்கு முந்தைய மாதங்களில் தொடையிடுக்கு வழியாக விதைப்பைக்கு இறங்குகின்றன. வயிற்றின் உள்சவ்வும் ஒரு குழாய்போல் கூடவே இறங்கும். பிறகு அந்தக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். நூலளவு திறந்திருந்தால் நீர் மட்டும் கசிந்து விதைப்பை வீங்கும். அகலமாக இருந்தால் குடலே இறங்கிவிடும். குறைமாதக் குழந்தைகளிடம் குடலிறக்கம் அதிகம். பெண் குழந்தைக்கும் வரும், சினைப்பைகூட அதில் இறங்கும்.

வேர் ஒன்றானாலும் வைத்தியம் வேறு. நீர்வீக்கம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வயதுக்குள் வற்றிவிடும், பொறுக்கலாம். குடலிறக்கம் தானாகச் சரியாகாது. காசு வைத்துக் கட்டுவதும் எண்ணெய் தடவுவதும் நாளைத்தான் கடத்தும். குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்தோ முதல் வயதில்தான் மிக அதிகம்.

டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்து "நீர்தான்" என்று முடிவு கட்டாதீர்கள். கைக்குழந்தையின் மெல்லிய குடலிலும் வெளிச்சம் ஊடுருவும். கிளினிக் போய்ச் சேர்வதற்குள் புடைப்பு மறைந்துவிடும் என்பதால், தெரியும்போதே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பல நேரம் அந்தப் படமே பாதி வேலையை முடித்துவிடும்.

அறுவை சிறியதுதான். தோல் மடிப்பில் சுமார் 2 சென்டிமீட்டர் கீறல். விந்துக்குழாயையும் ரத்தக் குழாய்களையும் சேதமில்லாமல் விலக்கி, சவ்வுப் பையின் கழுத்தைக் கட்டிவிடுவார்கள். பெரியவர்களுக்குப் போல வலை வைப்பதில்லை. பலர் அன்றைக்கே வீடு திரும்புவார்கள்; குறைமாதத்தில் பிறந்த சிசுவை ஓர் இரவாவது வைத்துக் கவனிப்பார்கள். சிசுவுக்கு மயக்கமருந்து கொடுப்பதே தனிக் கலை. ஆகவே பத்து பாகாட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு அனுப்பினால், இங்குள்ள டாக்டருக்குத் தெரியவில்லை என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் இரண்டு நிலைமைகளில் காத்திருக்கவே கூடாது. புடைப்பு கல்லாக இறுகி உள்ளே போகாவிட்டாலோ, குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தாலோ குடல் சிக்கியிருக்கலாம். பையனுக்குத் திடீரென்று விரையில் கடும் வலி வந்தால், அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்ற விரையைக் காப்பாற்ற 6 மணி நேரம்தான் நல்ல வாய்ப்பு. பதின்ம வயதுப் பையன் வெட்கப்பட்டு "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொல்லக்கூடும். கீழேயும் வலிக்கிறதா என்று கேளுங்கள். நடுநிசியானாலும் நேராக சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அழுகிறானே என்று வழியில் மைலோ வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வயிறு நிறைந்திருந்தால் மயக்கமருந்தில் ஆபத்து கூடும்.